அக்கா கேட்காத குறட்டை

என் அக்காள் அக்தர் பானு தன் புருஷனின் குறட்டையை ஒருநாள்கூடக் கேட்டதில்லை என்பாள். ஆம்பூரில் அதை நம்பிய ஒரே ஆள் அவள் புருஷன்தான்.

அப்துல் ஹமீத் என்பது அவர் பெயர். எங்கள் வீட்டில் உருதும் தமிழும் கலந்துதான் புழங்கும். அக்காள் புருஷனைத் தூலாபாய் என்று கூப்பிடுவோம். தூலாபாய் கண்ணை மூடினால் தெருவில் கட்டியிருக்கும் ஆடு எழுந்து நிற்கும். எதிர்வீட்டுக்காரர் புதிதாக ஜன்னல் கதவு போட்டது கொசுவுக்காக இல்லை. ஒரு கல்யாணத்துக்குத் திருப்பத்தூர் போனபோது வேனின் பின்சீட்டில் அவர் அசந்துவிட, டிரைவர் வண்டியை ஓரங்கட்டி இறங்கி டயர்களைக் குனிந்து பார்த்தார். விஷயத்தைச் சொன்னோம், நம்பவில்லை. கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு மறுபடியும் இறங்கிப் பார்த்தார்.

தூலாபாய்க்குத் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. பச்சைத் தோலைத் தண்ணீரும் மருந்துமாகப் போட்டு உருட்டுகிற பெரிய மர டிரம்கள் அவர் பொறுப்பு. பகலெல்லாம் டிரம்மின் சத்தத்தை உள்ளே வாங்கிக்கொண்டு ராத்திரியில் வெளியே விடுகிறார் என்று நான் கேலி செய்வேன். அவரும் சேர்ந்து சிரிப்பார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவருக்குக் கோபமே வராது. அதனாலேயே அவரைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அக்காவைக் கேட்டால், "குறட்டையா? எனக்கு ஒன்னும் கேட்டதில்லப்பா. படுத்தா நான் பொணம்" என்பாள். அவளுக்குக் காது மந்தமும் இல்லை. கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாலும் அடுப்பில் பால் பொங்குவது கேட்கும். ஆகவே, புருஷன் மனசு நோகக்கூடாது என்று அக்கா சளைக்காமல் பொய் சொல்கிறாள் என்று நாங்கள் எல்லோரும் முடிவு கட்டியிருந்தோம்.

அவள் வார்த்தையைத் தூலாபாய் நம்பினாலும், ஊர் வார்த்தையையும் நம்பினார். அதனால் தன் வீட்டைத் தவிர வேறெங்கும் அவர் படுத்ததில்லை. எவ்வளவு தூரத்துக் கல்யாணமானாலும் ராத்திரியே திரும்பிவிடுவார். இதனால் அவருக்கு ஒரு பெரிய ஆசை நிறைவேறாமலே இருந்தது. ரமலானின் கடைசிப் பத்து நாட்கள் பள்ளிவாசலிலேயே தங்கி, உண்டு, உறங்கி, தொழுகையிலும் ஓதுவதிலும் இருப்பார்களே, இஃதிகாஃப், அதில் உட்கார வேண்டும் என்பதுதான் அந்த ஆசை. தவிர்க்க முடியாத தேவைக்கு அல்லாமல் பள்ளிவாசலை விட்டு வெளியே போகக்கூடாது. போனால் முறிந்துவிடும். வருஷா வருஷம் மற்றவர்கள் உட்காரும் மாலையில் தூலாபாய் வந்து, மூலையில் திரைத்துணிக்குக் கயிறு கட்டிக் கொடுத்துவிட்டு, முடிச்சை இழுத்துச் சரிபார்த்துவிட்டு, வீட்டுக்குப் போவார். "நான் படுத்தா அடுத்தவங்க தொழுகை, இபாதத் எல்லாம் கெட்டுடும்பா" என்பார்.

இந்த வருஷம் நிலைமை மாறிவிட்டது. எங்கள் பள்ளிவாசலைச் சேர்ந்த மஹல்லாவில் வழக்கமாக உட்காரும் பெரியவர் குளிர்காலத்தில் மௌத்தாகிவிட்டார். ஷூ கம்பெனிகளில் ஏற்றுமதி ஆர்டர் நெருக்கடி, யாருக்கும் லீவு இல்லை. மஹல்லாவில் ஒருவராவது உட்கார்ந்துவிட்டால் எல்லோருக்கும் போதும்; ஒருவரும் உட்காராவிட்டால் அந்தக் குற்றம் எல்லோர் தலையிலும் விழும். உட்கார வேண்டிய நாளன்று மாலை அஸர் தொழுகை முடிந்ததும் இமாம் ஹஜ்ரத் எழுந்து, "யார் உட்கார்றீங்க?" என்று கேட்டார். எல்லோருக்கும் திடீரென்று கம்பளத்தின் பூ வேலைப்பாட்டில் அக்கறை வந்துவிட்டது. பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கும் முத்தவல்லி சுஹேல் அகமது ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனார்.

தூலாபாயின் கை பாதி வரைக்கும் உயர்ந்தது. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கை இறங்கிவிட்டது.

"ஹமீத் பாய், கையை இறக்காதீங்க" என்றார் ஹஜ்ரத்.

"ஹஜ்ரத், என் தூக்கம் ரொம்பப் பேஜாருங்க..."

"தூங்கறதுக்கா உங்களைக் கூப்பிடறேன்? உட்காருங்க."

தூலாபாயின் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். ஆனாலும் அவர் ஒரு நிபந்தனை போட்டார். தன்னோடு இன்னொருவர் உட்கார வேண்டும். சத்தம் ஜாஸ்தியானால் தட்டி எழுப்ப வேண்டும். மறுபடியும் எல்லோரும் கம்பளத்தைப் பார்த்தோம். நான் நைசாக நழுவி வாசலுக்கு வந்தபோது போன் அடித்தது. அக்கா. சேதி அவளுக்கு எப்படி என்னைவிட வேகமாகப் போனது என்று இன்றுவரை தெரியவில்லை.

"தவ்ஃபீக், நீதான் உட்கார்றே."

"பாஜி, எனக்குக் கடை இருக்குது." ஷூ கம்பெனிகளுக்கு லேஸ், பக்கிள், நூல் விற்கிற கடை எனக்கு. தபரேஸ் அதில் வேலைக்கு இருக்கும் பையன்.

"தபரேஸ் பாத்துக்குவான். நீ இருக்கும்போதும் அவன்தானே பாத்துக்கறான்?"

பொழுது சாய்வதற்குள் தலையணையோடு பள்ளிவாசலுக்குள் போய்விட்டேன். அன்று தூலாபாய் தனக்காகவே கயிறு கட்டினார். முடிச்சை இழுத்துச் சரிபார்த்துவிட்டு, வெள்ளைத் துணியைத் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றார். எனக்கென்னவோ ஜெயிலுக்குள் வந்த மாதிரி இருந்தது.

ராத்திரியெல்லாம் தொழுகை, ஓதல். விடியுமுன் சஹர் சாப்பிட்டு, விடிகாலை ஃபஜ்ர் தொழுது முடித்துப் படுத்தால் வெயில் ஏறும்வரை தூங்கலாம் என்பது ஏற்பாடு. அதாவது, தூலாபாய் தூங்கலாம். முதல் நாள் காலையில் அத்தர் பஞ்சைப் பிய்த்து இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டேன். மணம் வந்தது, தூக்கம் வரவில்லை. குவிமாடத்துக்குள் அந்தச் சத்தம் போய் மோதி இரட்டிப்பாகத் திரும்பி வந்தது. பாங்கு சொல்லும் தில்ஷாத் வெளியே கைகால் கழுவும் ஹவுஸ் தொட்டியின் ஓரத்தில் போய்ப் படுத்துக்கொண்டார். தட்டினால் தூலாபாய் விழித்து, "ஜாஸ்தியா இருந்துச்சாப்பா?" என்று வருத்தத்தோடு கேட்டுவிட்டு, அந்த வருத்தம் முகத்திலிருந்து போகும் முன்பே மறுபடி ஆரம்பித்துவிடுவார். அல்லாஹ்வின் வீட்டில் இருந்துகொண்டு நான் மனசுக்குள் திட்டிய திட்டுகளை வானவர்களான மலக்குகள் எழுதிக்கொண்டார்களா, அவர்களும் காதைப் பொத்திக்கொண்டார்களா தெரியாது.

அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ, காலையில் சத்தம் சட்டென்று நின்றது. அப்பாடா என்று இருந்தது. தூக்கம்தான் போய்விட்டதே என்று சுவரில் சாய்ந்து தஸ்பீஹ் மணி உருட்ட ஆரம்பித்தேன். ஜன்னல் வழியாகத் தரையில் வெயில் விழுந்திருந்தது. தெருவில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. மணிகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. அந்த அமைதி எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. மணிகள் மேலும் நகர்ந்தன. அப்போதுதான் உறைத்தது. நான் இவ்வளவு மணி உருட்டிவிட்டேன், இந்த மனிதர் இன்னும் ஒரு மூச்சு விடவில்லை.

நடுவிலிருந்த துணியை விலக்கினேன். தூலாபாய் மல்லாந்து கிடந்தார். வாய் திறந்திருந்தது. நெஞ்சு எழும்பப் பார்த்தது, வயிறு உள்ளே இழுத்தது, ஆனால் காற்று போகவில்லை. உள்ளே யாரோ கதவைத் தாழிட்டுவிட்டது போல இருந்தது. உதட்டின் நிறம் மாறிக்கொண்டு வந்தது. கையை ஓங்கி அவர் தோளில் ஒரு அடி வைத்தேன்.

மூச்சு திரும்பிய சத்தத்தில் குவிமாடத்து மாடத்திலிருந்த புறாக்கள் பறந்தன. அவர் அரைக்கண் திறந்தார். தூங்கி எழும்போது ஓதும் துஆவை அவர் உதடு தானாக முணுமுணுத்தது. இறந்தபின் மீண்டும் உயிர் தந்தவனுக்கே புகழெல்லாம் என்பது அதன் பொருள். சின்ன வயதிலிருந்து தினமும் காலையில் ஓதுகிறேன், பாதி கொட்டாவியோடு, செருப்பைத் தேடிக்கொண்டே. அந்தக் காலையில்தான் அதை முதல்முறையாகக் காதால் கேட்டேன்.

"ஜாஸ்தியாப்பா?" என்று கேட்டார் தூலாபாய்.

"இல்ல, நீங்க தூங்குங்க" என்றேன். அவர் தூங்கினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கொஞ்ச நேரம் முழங்கிவிட்டு மறுபடி நின்றது. சில சமயம் அவர் உடம்பே ஒரு உலுக்கு உலுக்கி மூச்சைப் பிடித்துக்கொண்டது. சில சமயம் அப்படி நடக்கவில்லை. நான் தட்ட வேண்டியிருந்தது. வெயில் சுவரில் ஏறும்வரை இதேதான் நடந்தது.

வேலூரில் டாக்டராக இருக்கிற என் பள்ளித் தோழன் செந்தில்குமாருக்குப் போன் போட்டேன். முழுக்கக் கேட்டுவிட்டு அவன், "தூக்கத்துல தொண்டை மூடிக்குதுடா. பெரும்பாலும் உடம்பே எழுப்பி விட்டுடும். என்னைக்காவது எழுப்பாம விட்டா?" என்றான். பிறகு, "வேலை செய்யும்போது அசந்து போறாரா?" என்று கேட்டான். போன மாதம் சுற்றுகிற டிரம் பக்கத்தில் தூலாபாய் நின்றபடியே கண்ணயர்ந்து, கூட வேலை செய்பவர் சட்டையைப் பிடித்து இழுத்த கதையை அவரே எங்களிடம் சிரிப்பாகச் சொல்லியிருந்தார். நாங்களும் சிரித்திருந்தோம்.

"உடனே கூட்டிட்டு வா. ஒரு ராத்திரி படுக்க வெச்சுப் பார்க்கணும். மூக்குல மாட்டற மிஷின் இருக்குது, அதைப் போட்டா மூச்சு நிக்காது" என்றான் செந்தில்குமார்.

ஹஜ்ரத்திடம் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை. "உயிர் முக்கியம். போகச் சொல்லு. முறிஞ்சா பின்னாடி களாவா ஈடு செஞ்சுக்கலாம், குத்தமில்ல. மஹல்லாவுக்கு நீ ஒருத்தன் உட்கார்ந்திருக்கறது போதும்."

தூலாபாய் அசையவில்லை. பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு திரைத்துணியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"தவ்ஃபீக், எத்தினி வருஷமா இந்தத் துணிக்கு வெளிய நின்னு கயிறு கட்டினு இருந்தேன். இப்பதான் உள்ள வந்திருக்கேன். பெருநாள் பிறை பாத்துட்டு வர்றேன்பா."

"அதுக்குள்ள எதாவது ஆயிடுச்சுன்னா?"

"இவ்ளோ வருஷம் ஒன்னும் ஆவலையே. இனிமே இன்னா ஆவப் போவுது?"

கடைசி ஆயுதம் அக்காதான். அவள் வா என்றால் வந்துவிடுவார். போன் போட்டு, "பாஜி, தூங்கும்போது அவருக்கு மூச்சு நின்னு போவுது" என்றேன். அக்கா சிரித்தாள்.

"நின்னு போவுதா? அப்ப இத்தினி வருஷம் காலைல எப்படி எழுந்து வந்தாரு? நீ தூக்கம் கெட்ட கடுப்புல எதையாவது கெளப்பாதே. அவர் ஆசையா உட்கார்ந்திருக்காரு."

எப்படி எழுந்து வந்தார்? அதுதான் எனக்கும் புரியவில்லை. நான் பார்த்த அளவில் இந்த மனிதர் எப்போதோ போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

அன்றிலிருந்து என் இஃதிகாஃப் தூலாபாயின் தோள்தான். தொழுகைப் பாய்களைச் சுருட்டி முதுகுக்கு அணை கொடுத்து ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். தூக்கத்தில் அணையைத் தள்ளிவிட்டு மல்லாந்துவிடுவார். வேறு வழியில்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கை வைத்துக்கொண்டேன். முதல் நாள் பயத்தில் உட்கார்ந்தேன். பிறகு பயம் மட்டும் இல்லை. காற்று உள்ளே போகிறது, நெஞ்சு விரிகிறது, கழுத்து நரம்பு துடிக்கிறது, காற்று வெளியே வருகிறது. இவ்வளவுதான் நடக்கிறது. இதை நான் பிறந்ததிலிருந்து செய்கிறேன், என் பிள்ளைகள் செய்கிறார்கள், ஊரே செய்கிறது. யாருக்கும் அடுத்தது வரும் என்று உறுதி இல்லை. ஆனாலும் எல்லோரும் தூங்குகிறோம். அவர் மூச்சு நின்ற ஒவ்வொரு தடவையும் அது திரும்பி வரட்டும் என்று அல்லாஹ்விடம் கேட்டேன், தொழுகையில்கூட அப்படிக் கேட்டதில்லை. வந்த ஒவ்வொரு தடவையும் எனக்கே தந்ததுபோல் இருந்தது. எந்தச் சத்தத்துக்காகக் காதில் பஞ்சு அடைத்தேனோ அந்தச் சத்தத்துக்காக ஏங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவர் விழித்திருக்கும் பகலில் நான் கொஞ்சம் கண்ணயர்வேன். அவர் என் காலில் போர்வையை இழுத்து விட்டு, "பாவம், என் சத்தத்துல புள்ளைக்குத் தூக்கமே இல்ல" என்று தில்ஷாதிடம் வருத்தப்படுவார்.

ரமலானின் மகிமை மிக்க இருபத்தேழாம் இரவு வந்தது. பள்ளிவாசல் நிரம்பி வழிந்தது. யாரும் தூங்கவில்லை. விடிந்து ஃபஜ்ர் முடிந்ததும் ஹஜ்ரத் கழுத்தில் மாட்டும் சின்ன மைக்கோடு எங்கள் மூலைப் பக்கமாகவே உட்கார்ந்து பயான் உரை செய்தார். முடிந்ததும் மைக்கைக் கழற்றி எங்கள் திரைக்குப் பக்கத்து ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போனார். மைக் மெஷினை நிறுத்த வேண்டிய தில்ஷாத், விடிய விடிய நின்ற களைப்பில், நிறுத்தியதாக நினைத்துக்கொண்டு போய்ப் படுத்துவிட்டார். நான் வழக்கம்போல் தோளில் கை வைத்தேன். வைத்தது ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு ஒன்றும் ஞாபகமில்லை.

யாரோ உலுக்கினார்கள். கண் விழித்தால் தில்ஷாதின் முகம் வெளிறிப்போயிருந்தது. திரைக்கு வெளியே ஒரு கூட்டம். முன்னால் முத்தவல்லி சுஹேல் அகமது. வாயைத் திறந்தால் கிண்டல்தான் வரும் என்று பேரெடுத்த அந்த மனிதர் ஒன்றும் பேசாமல் நின்றார். போய்விட்டார் என்று நினைத்தேன். பக்கத்தில் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"ஊருக்கே கேட்டுடுச்சாம்பா" என்றது தூலாபாயின் குரல். அவர் தொப்பியைச் சரிசெய்தபடி, தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

சுஹேல் அகமதுதான் நடந்ததைச் சொன்னார். "மொதல்ல சிரிச்சோம்ப்பா. மினாரா ஸ்பீக்கர்ல உங்க தூலாபாய். பால்காரன் வண்டியை நிறுத்திட்டு சிரிச்சான். கம்பெனி பஸ்ஸுக்கு நின்ன பொம்பளைங்க எல்லாம் சிரிச்சாங்க. அப்புறம் நின்னுடுச்சு. ஸ்பீக்கர்ல ஃபேன் சுத்தற சத்தம் மட்டும். வரும், வரும்னு பார்க்கறோம், வரல. பஸ் டிரைவர் என்ஜினை ஆஃப் பண்ணிட்டாரு. தெருவுல ஒருத்தரும் மூச்சு விடல. நாங்க ஓடி வர ஆரம்பிச்சோம். பாதி வழியில திரும்ப வந்துச்சு பாரு..." தோளில் இருந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நான் குற்ற உணர்ச்சியில் கூசிப்போனேன். என் கை தூங்கியிருக்கிறது. அப்படியானால் அந்த நேரத்தில் அவரை யார் தட்டியது?

வாசலில் என்னைக் கூப்பிடுவதாகச் சொன்னார்கள். படிக்குள்ளேயே நின்று பார்த்தேன். கேட்டுக்கு அப்பால் அக்கா மகள் சானியா, காலேஜில் படிக்கிறவள், மூச்சிரைக்க நின்றாள். கண் சிவந்திருந்தது. கையில் போன்.

"மாமூ, அப்பா?"

"இருக்காரும்மா. நல்லா இருக்காரு."

"இதைப் பாருங்க" என்று போனைக் கம்பிக்குள்ளே நீட்டினாள். "ஸ்பீக்கர்ல அப்பா குறட்டை வந்துச்சு. இன்னைக்காவது அம்மீ கேக்கட்டும், அவங்க மூஞ்சியை வீடியோ எடுக்கலாம்னு சிரிச்சுக்கினே ரூமுக்குப் போனேன். அம்மீ தூங்கிட்டு இருந்தாங்க."

வீடியோவில் அக்கா கட்டிலின் ஒரு பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். மறுபக்கம் காலி, தூலாபாயின் தலையணை மட்டும் அதன் இடத்தில் இருந்தது. ஜன்னல் வழியாகப் பள்ளிவாசல் ஸ்பீக்கரில் குறட்டை முழங்கியது. சானியாவின் அடக்கிய சிரிப்பு கேட்டது. "அம்மீ, அம்மீ, கேளுங்க" என்று அவள் கிசுகிசுத்தாள். அக்கா விழிக்கவில்லை. வாய் லேசாகத் திறந்த, ஆழ்ந்த தூக்கம். சொன்னது பொய்யே இல்லை, படுத்தால் அவள் பிணம்தான்.

ஸ்பீக்கரில் குறட்டை நின்றது. சானியாவின் சிரிப்பும் நின்றது. போன் கொஞ்சம் ஆடியது. அமைதி நீண்டுகொண்டே போனது.

அக்காவின் கை எழுந்தது. கண் மூடியபடியே இருந்தது, மூச்சு சீராகவே ஓடிக்கொண்டிருந்தது. கை மட்டும் தனி ஆள்போல எழுந்து, காலியான பக்கத்துக்கு நீண்டு, தலையணைக்குக் கீழே, தூலாபாயின் தோள் இருக்க வேண்டிய இடத்தில் படுக்கையை ஓங்கி ஒரு தட்டு தட்டியது. மூச்சு வரவில்லை. கை மறுபடி எழுந்து முன்னைவிட பலமாகத் தட்டியது.

ஸ்பீக்கரில் தூலாபாய் மூச்சை இழுத்தார். அக்காவின் கை இறங்கி அங்கேயே படுத்துக்கொண்டது.

வீடியோ முடியவில்லை. மறுபடி குறட்டை, மறுபடி அமைதி, மறுபடி அந்தக் கை. கல்யாணமான நாளிலிருந்து, நாங்கள் கேலி செய்த எல்லா வருஷங்களிலும், சானியா பிறந்து தொட்டிலில் கிடந்த நாட்களிலும், அக்காவுக்குக் காய்ச்சல் கண்ட நாட்களிலும் அந்தக் கை இந்த வேலையைச் செய்துகொண்டிருந்திருக்கிறது. அவளுக்கே தெரியாது. பள்ளிவாசலுக்கும் வீட்டுக்கும் நடுவே நாலு தெரு. அங்கே அடித்த அடி இங்கே எப்படிப் பட்டது என்று என்னைக் கேட்காதீர்கள். அவர் உடம்பே உலுக்கியிருக்கும் என்றுதான் செந்தில்குமார் பிறகு சொன்னான். சொல்லட்டும். நான் அந்தக் கையைப் பார்த்தவன்.

போனைக் கொண்டுபோய்த் தூலாபாயிடம் கொடுத்தேன். முதலில் தன் குறட்டையைக் கேட்டு அவர் கூசினார். பிறகு கை எழுந்தது. அவர் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து போடச் சொன்னார்.

"கேட்டதே இல்லன்னு சொன்னாளே" என்றார் தூலாபாய். "நானும் நம்பிக்கினு நிம்மதியா தூங்கினேன்."

அவர் எழுந்து தலையணையை எடுத்துக்கொண்டார்.

"தவ்ஃபீக், வண்டிக்குச் சொல்லு. வேலூர் போலாம்."

எனக்கு என்ன தோன்றியதோ, "பிறை இன்னும் பார்க்கலையே தூலாபாய்" என்றேன்.

"என் உசுரு மட்டும்னா இங்கயே உட்கார்ந்திருப்பேன். இது அவ தூக்கம்பா. இத்தினி வருஷம் அவ கை தூங்கவே இல்ல."

திரைத்துணியை ஒருமுறை தடவிப் பார்த்தார். கயிற்றின் முடிச்சு கொஞ்சம் தளர்ந்திருந்தது. அதை இழுத்து இறுக்கிவிட்டு நடந்தார். கூட்டம் விலகி வழிவிட்டது. பள்ளிவாசலை விட்டு வெளியேறும்போது இடது காலை முதலில் வைக்க வேண்டும். தூலாபாய் வாசலில் இடது காலைத் தூக்கியவர் அப்படியே கொஞ்ச நேரம் நின்றார். எந்த ஆசைக்காக அவர் எவ்வளவு காலம் காத்திருந்தார் என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். பிறகு காலை வெளியே வைத்தார். அவருடைய செருப்பைக் குனிந்து எடுத்துப் போட்டவர் சுஹேல் அகமது.

மஹல்லாவுக்காக நான் மட்டும் உள்ளே இருந்தேன். ஜெயில் என்று நினைத்து வந்தவனை யாரும் பிடித்து வைக்கவில்லை, நானாகத்தான் இருந்தேன். அன்று பள்ளிவாசல் அவ்வளவு அமைதியாக இருந்தும் எனக்குப் படுக்கத் தோன்றவில்லை.

மறுநாள் அக்காவுக்குப் போன் போட்டபோது அவள் எரிந்து விழுந்தாள். "வீடியோல இருக்கறது என் கைதான்னு எல்லாரும் சொல்றீங்க. எனக்கு ஒன்னும் தெரியாது. நான் தூங்கிட்டு இருந்தேன்" என்றாள். "ஆஸ்பத்திரில ராத்திரி எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன். "எனக்கு எப்படித் தெரியும்? அங்கயும் தூங்கிட்டேன்" என்றாள்.

கொஞ்ச நேரத்தில் சானியா ராத்திரி எடுத்த ஒரு வீடியோ அனுப்பினாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் தூலாபாய் படுத்திருந்தார். மூக்கில் மாட்டிய மிஷினிலிருந்து ஒரு குழாய் போனது. குறட்டை இல்லை. காற்று மெல்லப் போய் வருகிற சத்தம் மட்டும், அதுவும் போனைக் காதில் வைத்தால்தான் கேட்கும். பக்கத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் அக்கா கட்டில் விளிம்பில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் கை அவர் தோளில் இருந்தது.

அந்த அமைதியில் அந்தக் கை எழுந்தது. அடிக்கத் தயாராக அந்தரத்தில் நின்றது. கீழே அவர் நெஞ்சு நிதானமாக எழும்பி இறங்கியது, மறுபடி எழும்பி இறங்கியது. கை நின்றபடியே இருந்தது. நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். பிறகு அது மெதுவாக இறங்கி, அவர் நெஞ்சின் மேல் விரல்களை விரித்துப் படுத்தது.

வீடியோ முடியும்வரை அது அசையவில்லை.